கண் மட்டும் பாக்கி

மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, எது எதன் வயர் என்று பார்க்காமல், கைக்கு வந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் சார்ஜரைச் செருகினாள் மகள். போன் அணைகிற நிலையில் இருந்தது. ஆபீஸ் மீட்டிங் தொடங்கிவிட்டது. பக்கத்து அறையில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது மீட்டிங் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. அம்மா கேட்கிறவள் அல்ல.

எழுந்து பார்த்தபோது மேஜைமேல் கம்ப்யூட்டர் திரை இருண்டிருந்தது.

அது அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா வாங்கிய கம்ப்யூட்டர். ஃப்ளாப்பி ஆமை வேகம் என்று, மெமரியில் ஒரு பங்கை ஒதுக்கி, அதுவும் ஒரு டிஸ்க்தான் என்று மிஷினை நம்பவைத்திருந்தார். ரேம் டிஸ்க். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடியும். ஆனால் கரண்ட் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். "பல்லு தேய்க்காமக்கூடப் படுத்துருவேன், ஃப்ளாப்பியில காப்பி பண்ணாமப் படுக்க மாட்டேன்" என்பார். போன மாதம் ஃப்ளாப்பி டிரைவ் மண்டையைப் போட்டது. அன்றிலிருந்து, இன்வெர்ட்டர் புண்ணியத்தில், மிஷினை அணைக்கவே இல்லை. அதற்குள்தான் அம்மா இருந்தாள். புள்ளி புள்ளியாக அவள் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, "இந்த மூஞ்சிக்கு இத்தனை நாளா" என்று திட்டிக்கொண்டே அம்மா அசையாமல் இருப்பாள்.

இதெல்லாம் மகளுக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

"பாப்பா" என்று அப்பாவின் குரல் வந்தது. போனை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"மிஷின் ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"கண்ணு மட்டும் பாக்கி" என்றார், கால்மாட்டில் இருந்த அம்மாவைப் பார்த்து. "கேசட்டுக்காரன் வேற டிரைவ் கொண்டாருவான்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. சிறிது நேரத்தில் மூச்சும் நின்றது. அம்மா அழுதாள். மகளுக்கு அழக் கூசியது. பொய் இன்னும் நாக்கிலேயே இருந்தது.

அக்கம்பக்கத்தார் வந்து கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது கேசட் மாமா வந்தார். பழைய கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதில் அப்பாவுக்குக் கூட்டாளி. வாசலில்தான் செய்தி தெரிந்தது. கையில் துணிப்பையோடு அப்பாவின் தலைமாட்டில் நின்று, பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

அம்மா எழுந்தாள். "அண்ணே, டிரைவா? வாங்க. அந்தப் படத்த எடுத்துக் குடுத்துருங்க."

"இப்பவாம்மா?"

"இப்பதான். அவரு போறதுக்குள்ள நான் ஒரு தடவ பாத்துக்கறேன்."

மகளும் பின்னாலேயே போனாள். போய்த் தடுத்துவிடலாம் என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியாது.

மாமா திரையைத் தட்டினார். பிறகு குனிந்தார்.

"பிளக்கு கீழ கிடக்கேம்மா." குனிந்தபடியே இருந்தார். "எல்லாம் போயிருக்குமே. யாரு கழட்டினது?"

அது இருந்த துளையில் சார்ஜர் இருந்தது. அதன் வெள்ளை வயர் மேஜைமேல் ஏறி, மகளின் போனில் முடிந்தது. அம்மா வயரைப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை.

மகள் வாயைத் திறந்தாள்.

"நான்தாண்ணே" என்றாள் அம்மா. "பெருக்கும்போது கால்ல மாட்டி இழுத்துட்டேன்."

மாமா எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "விடும்மா. உனக்கு அது எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

அம்மா குனிந்து சார்ஜரைக் கழற்றினாள். வயரைப் பொறுமையாகச் சுற்றி, போனோடு சேர்த்து மகளின் கையில் வைத்தாள்.

"ரொம்ப நேரமா அடிச்சிட்டே இருக்கு" என்றாள். "என்னன்னு கேளு."

போன் சூடாக இருந்தது. ஜன்னலோர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, வந்தவர்களுக்கு ஆகும் என்று, அம்மா கூடத்துக்கு நடந்தாள்.