குகைச் சுவருக்கு அப்பால்

இரும்புச் சட்டியைக் கழுவிக் குகையின் பின்சுவரில் சாய்த்து வைத்தாள் கெசியா. சட்டி தானாகவே அதிர்ந்தது. கையை வைத்துப் பார்த்தாள். டொக், டொக் என்று உள்ளங்கையில் தெரிந்தது.

வெளியே சத்தமே இல்லை. மிசிசிப்பி ஆற்றில் நின்ற பீரங்கிப் படகுகளும், நிலப்பக்கம் வளைத்து நின்ற வடக்குப் படையும் சாப்பாட்டுக்காக ஓய்ந்திருந்த நேரம். அப்படியென்றால் மலைக்குள் தட்டுவது யார்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் முற்றுகை தொடங்கியதிலிருந்து விக்ஸ்பர்க் நகரமே வீடுகளை விட்டு மஞ்சள் மண் மேடுகளுக்குள் குடியேறியிருந்தது. அடிமையான கெசியாவின் எஜமானி லவீனியா அம்மாளும் தன் மகள் ஹெட்டியோடு இந்தக் குகைக்கு வந்துவிட்டாள். அவள் கணவர் தெற்குப் படையோடு பதுங்குகுழியில் இருந்தார். ஹெட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பட்டாணி மாவு ரொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, சுவருக்குப் பின்னாடி யாரோ தோண்டுறாங்க."

லவீனியா அம்மாள் வெளிறிப்போனாள். "வடக்கத்தி யாங்கீப் பசங்கதான். அடியில வெடிமருந்து வைக்கப் போறானுங்க."

"கோட்டையை விட்டுட்டு நம்ம பட்டாணி ரொட்டிக்கா வெடி வைக்கப் போறாங்க?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு. அந்தப் பக்கமே போகாத."

போகாதே என்று சொன்னதுதான் தப்பு. ஒன்று என்னவென்று தெரியாவிட்டால் கெசியாவுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறதென்று திறந்து பார்த்துச் சவுக்கடி வாங்கியவள். மறுநாள் எஜமானி ஹெட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போனதும், பெரிய கரண்டியை எடுத்துச் சத்தம் வந்த இடத்தில் சுரண்டத் தொடங்கினாள். அந்த மண் வெல்லக்கட்டி மாதிரி விண்டு விழும். தோள்வரை கை நுழையும் அளவுக்குக் குடைந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து மண்வெட்டியின் முனை எட்டிப் பார்த்தது.

கெசியா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யாரது?" என்றது ஓர் ஆண் குரல், கிசுகிசுப்பாக.

"முதல்ல நீ சொல்லு. என் வீட்டுக்குள்ள மண்வெட்டிய விட்டவன் நீதானே?"

"அம்ப்ரோஸ். டில்மன் ஐயா வீட்டு அடிமை."

கெசியாவுக்கு உயிர் வந்தது. ஹோரஸ் டில்மன் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். மாவு தீர்ந்துவிட்டது, கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று மாதாகோவில் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்.

"அண்ணே, மேட்டுக்கு அந்தப் பக்கம் வாசல வச்சுக்கிட்டு இவ்வளவு ஆழமா ஏன் தோண்டுற?"

மண்வெட்டியின் முனை உள்ளே மறைந்தது.

"சொல்லலேன்னா இந்த ஓட்டைய இன்னும் பெருசாக்கி நானே வந்து பாத்துக்கறேன்."

"பொல்லாதவளா இருக்கியே! மாவு, தாயி. நல்ல கோதுமை மாவு. பீப்பாய் பீப்பாயா அடுக்கியிருக்கு. விலை இன்னும் ஏறட்டும்னு வச்சிருக்காரு. இன்னொரு அறை தோண்டச் சொன்னாரு."

"நீ அதுல ரொட்டி தின்னியா?"

"நானா?" அம்ப்ரோஸ் சிரித்தான். "மாவு மேல படுத்துத் தூங்குறேன். திங்கறது கழுதைக்கறி."

கெசியா ஓட்டையைச் சட்டி நுழையும் அளவுக்கு அகலமாக்கினாள். பிறகு சட்டியை ஓட்டை வழியாக நீட்டினாள். "சுவரோரம் இருக்கற பீப்பாயில எடு. சுடறது என் பொறுப்பு. உன் பங்கு இதே வழியா வரும்."

அன்று ஹெட்டி ரொட்டியை மிச்சம் வைக்காமல் தின்றாள். லவீனியா அம்மாள் தன் துண்டைப் பிட்டு, உள்ளே இருந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கெசியாவின் முகத்தைப் பார்த்தாள். சுவரில் புதிதாகத் தொங்கிய போர்வையையும் பார்த்தாள். வாயைத் திறந்தவள் ரொட்டியை உள்ளே வைத்து மூடிக்கொண்டாள்.

இப்படியே நாட்கள் ஓடின. பக்கத்துக் குகைப் பெண்கள் ரொட்டி வாசனைக்கு மூக்கை உறிஞ்சத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பிற்பகல் மேட்டின் அந்தப் பக்கத்தில் குண்டு விழுந்தது. இந்தக் குகையின் கூரையும் பொலபொலவென்று உதிர்ந்தது. புழுதி அடங்குமுன் போர்வைக்குப் பின்னாலிருந்து அலறல்.

"வாசல் மூடிருச்சு! கெசியா! ஐயாவும் உள்ள மாட்டிக்கிட்டாரு!"

கெசியா போர்வையைப் பிடுங்கி எறிந்தாள். கரண்டி, வாணலி, வெறுங்கை, எது கிடைத்ததோ அதனால் தோண்டினாள். லவீனியா அம்மாளும் முழங்காலிட்டு நகம் ஒடியத் தோண்டினாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

ஓட்டைக்குள்ளிருந்து முதலில் ஒரு தலை வந்தது. பீப்பாய் உடைந்து கொட்டியதில் தலை, புருவம், மீசை எல்லாம் மாவு. இருமிக்கொண்டே உருண்டு விழுந்த டில்மன், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் இருமலை நிறுத்தினார். பின்னாலேயே அம்ப்ரோஸ் வந்தான்.

லவீனியா அம்மாள் குனிந்து, டில்மனின் கோட்டிலிருந்து விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கோதுமை" என்றாள்.

"அம்மணி, நான் விளக்கமாச் சொல்றேன்…"

"எம்மக பொழைக்க மாட்டாள்னு மருத்துவர் சொன்னாரே, அன்னிக்கு உங்க கிட்ட வந்து கையேந்தினேனே. அப்ப விளக்கியிருக்கலாமே, ஐயா?"

பெண்கள் அவரை அடிக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் போனதும் தலையணை உறைகளையும் பாவாடைகளையும் கொண்டுவந்து ஓட்டை வழியாக வரிசையாக இறங்கினார்கள். எந்தக் குகையில் எத்தனை வாய் என்று கெசியா சொல்லச் சொல்ல, அம்ப்ரோஸ் உள்ளே நின்று அள்ளிக் கொடுத்தான். அந்த மேட்டில் இருந்தவர்கள் முற்றுகை முடியும்வரை ரொட்டி தின்றார்கள்.

ஜூலையில் நகரம் சரணடைந்தது. திடீரென்று வந்த அமைதியில் காது அடைத்த மாதிரி இருந்தது. வடக்குப் படையின் நீலச்சட்டைச் சிப்பாய்கள் தெருவில் வரத் தொடங்கியதும் கெசியா முக்காட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் அம்ப்ரோஸ் காத்திருந்தான்.

"எங்க போற?" என்றாள் லவீனியா அம்மாள். கேள்வியில் அதட்டல் இல்லை.

"ஆத்துப் பக்கம்மா. அங்க விடுதலைன்னு சொல்றாங்களே, அது எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"திரும்பி வருவியா?"

கெசியா நின்று திரும்பினாள். ஹெட்டி கையசைத்தாள், இவளும் கையசைத்தாள்.

"தெரியலம்மா" என்றாள். அது உண்மை. முதல் தடவையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவளாகவே இருந்தாள்.

சரிவில் இறங்கும்போது அம்ப்ரோஸ் கேட்டான்: "பயமா இல்லியா?"

"இருக்கு. நீ வேகமா நட."