சீசன் என்றால் மழை

பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு வினை. வெளிநாட்டிலிருந்து போன் செய்த பெரியவர், "எப்பம்மா வந்தா நல்லாயிருக்கும்?" என்று கேட்டபோது, "சீசன்ல வாங்க சார்" என்று மாதத்தையும் சொல்லிவிட்டாள். அவள் பிறந்தது மலையடிவாரத்தில், அருவி ஓரத்து ஊரில். அங்கே சாரல் அடித்து அருவி கொட்டினால்தான் சீசன். கடற்கரையில் இருக்கும் இந்த அலுவலகத்துக்கோ, வெயில் அடித்துக் கடல் அடங்கிக் கிடந்தால்தான் சீசன்.

பெரியவரும் அவர் மனைவியும் வந்து இறங்கிய அன்று மழை பிய்த்து வாங்கியது. படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

"இந்த ஒரு வாரத்துக்கு மருமககிட்ட எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? பேரனைப் பார்த்துக்க வேற ஆளில்ல" என்றார் அந்த அம்மாள்.

மேனேஜர் அக்கா திரும்பினாள். "இந்த மாசத்துல வரச் சொன்னது யாரு?"

பழியை யார் தலையிலாவது கட்டிவிடலாம். அவள் நாக்கு அதற்கு ஒத்துழைக்கவில்லை.

"நான்தான்க்கா. எங்க ஊர்ல சீசன்னாலே மழைதான். அந்த நினைப்புல சொல்லிட்டேன்."

பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அம்மாள் மட்டும், "உங்க ஊர் பக்கமா?" என்று கேட்டார்.

"மதியத்துக்குள்ள போயிடலாம்மா."

"கூட்டிட்டுப் போ" என்றாள் அக்கா. "திரும்பி வரும்போது இவங்க முகம் எப்படி இருக்கோ, அப்படித்தான் உன் வேலையும்."

அலுவலகக் காரில் போனார்கள். அருவி பாதி மலையை மறைத்துக்கொண்டு விழுந்தது. பெரியவர் குடைக்குள்ளேயே நின்றார். அம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாரலுக்குள் நடந்தார்.

"நாங்க இருக்கிற ஊர்ல மழை எலும்பைக் கடிக்கும்டி. நனையறதே மறந்துபோச்சு. நீங்களும் வாங்களேன்" என்று கணவரின் குடையைப் பிடுங்கினார்.

நனைந்த மாத்திரத்தில் பெரியவரின் தலைமுடியிலிருந்து கறுப்புக் கறுப்பாக ஒழுகியது. காலர் நாசம். அதைப் பார்த்த அம்மாள் பாறையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். பெரியவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாலையில் சொட்டச் சொட்ட வந்து நின்றவர்களைப் பார்த்து அக்கா பதறினாள்.

"என்ன சார் ஆச்சு?"

"சாயம் வெளுத்துப்போச்சும்மா" என்றார் பெரியவர். "நாளைக்கும் இந்தப் பொண்ணையே அனுப்புங்க."

"நாளைக்கு என்ன சார், இனிமே இவ இங்கதான் இருப்பா." அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "ஆனா அடுத்த தடவை யாராவது சீசன் கேட்டா, நனையவா காயவான்னு கேட்டுட்டு அப்புறம் பதில் சொல்லு."

அவள் தன் துப்பட்டாவை எடுத்து அம்மாளின் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"நல்லா அழுத்தித் துவட்டு" என்றார் அம்மாள். "சளி பிடிச்சா, மருமககிட்ட உன் பேரைத்தான் சொல்லுவேன்."