கறுப்புப் பசை

லாரி எஞ்சினுக்கு வாங்கிய கேம் ஷாஃப்ட் வந்த அட்டைப்பெட்டியில் இரண்டு டேப் ஒட்டியிருந்தது. அடியில் கம்பெனி டேப், மேலே சாதா டேப்.

"இது எதுக்கு மாப்ள?"

"கடையிலயே பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன் மாமா. உள்ள பழச பாலிஷ் போட்டு வச்சிருந்தா?"

நல்ல பதில்தான். ஆனால் பழசைப் பாலிஷ் போட்டு வைக்கலாம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அவன் சொல்லித்தான் தோன்றியது.

அவன் என் பெண்டாட்டியின் தம்பி. பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். என் லாரி எஞ்சின் இரண்டு வாரமாக டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது; மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. வெளியே கொடுத்தால் பத்து நாள் ஆகும். செவ்வாய்க்கிழமை காலை வண்டி சிமெண்ட் குடோன் வாசலில் நிற்காவிட்டால் என் லோடு வேறொருவன் வண்டிக்குப் போய்விடும். "கேம் ஷாஃப்ட் தேஞ்சுபோச்சு, நம்ம வாசல்லயே மாத்திடலாம்" என்றான். சனிக்கிழமையே ரேடியேட்டரையும் முன்மூடியையும் இறக்கி, பழைய ஷாஃப்டை உருவிவிட்டோம்.

வேலை சுத்தமாகத்தான் செய்தான். கழற்றிய புஷ் ராடுகளை ஒரு அட்டையில் ஓட்டை போட்டு நம்பர் எழுதிச் செருகினான். புது டேப்பட்டுகளை முட்டை ட்ரேயில் வரிசையாக வைத்தான். ஷாஃப்டின் மூக்கில் நீளமான போல்ட் ஒன்றை முறுக்கி அதையே கைப்பிடியாக்கிக் காட்டினான். "பிள்ளையத் தூக்குற மாதிரி உள்ள விடணும். இடிச்சா பேரிங் போச்சு."

எதிர்க்கடைப் பஞ்சர்க்காரன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எட்டிப் பார்த்தான். வேலை இல்லாத நேரத்தில் அடுத்தவன் வண்டிக்குள் தலையை விடுவதுதான் அவனுக்கு வேலை.

"பெட்டியில ஒட்டுப் போட்டிருக்கே?"

"பிரிச்சுப் பார்த்து வாங்கினானாம்."

"உன் மச்சினன்தானே? அப்போ சரி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மச்சினன் வாங்கி வந்த கிளட்ச் பிளேட் நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. "நீங்க ஓட்டுற லட்சணம் அப்படி" என்று என் பெண்டாட்டி அன்றைக்கு அவன் பக்கம்தான் பேசினாள்.

மத்தியானம் ஷாஃப்டை இரண்டு கட்டைகள் மேல் வைத்து, ட்யூபிலிருந்து கறுப்புப் பசையைப் பிதுக்கி, வால்வுகளைத் தள்ளும் ஒவ்வொரு புடைப்பிலும் தடவினான். ட்யூபைச் சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டுவரை எடுத்தான். அக்கா கூப்பிட்டதும் கை கழுவிச் சாப்பிட உள்ளே போனான்.

ஏன் இவ்வளவு தடிப்பாகப் பூச வேண்டும்? எதை மூட?

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் நடுவில் நாலு புடைப்புகளைத் துடைத்தேன். ஓடின ஷாஃப்டாக இருந்தால் தேய்ந்த இடம் பளபளவென்று கோடு போட்டிருக்கும். கோடு இல்லை. மங்கின சாம்பல் நிறம்; ஒரு தடம் கிடையாது. புத்தம் புதுசு.

உள்ளே அவன் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. ட்யூபில் பசை இல்லை. வீல் பேரிங் கிரீஸ் டப்பா பக்கத்திலேயே இருந்தது. அதுவும் கறுப்பு. அள்ளித் தடவிவிட்டேன்.

வந்தான். உள்ளே விட்டான். டைமிங் கியர்ப் புள்ளிகளை நேருக்கு நேர் பொருத்தி, என்னையும் கூப்பிட்டுக் காட்டினான். டேப்பட், ராடு, ராக்கர், மூடி எல்லாம் ஏறின. சாயங்காலம் ஆயில் ஊற்றிவிட்டுச் சொன்னான்:

"மாமா, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்ல விடாதீங்க. ஆக்ஸிலேட்டர மிதிச்சு இருபது நிமிஷம் அப்படியே பிடிங்க. ஆயில் மேல போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பசைதான் காவல். அது இல்லேன்னா புது ஷாஃப்ட் இன்னைக்கே தேஞ்சிடும்."

சாவி என் கையில் இருந்தது. திருப்பினால் வண்டி ஓடும். ஷாஃப்ட் போய்விட்டால் மட்டமான சரக்கு என்று அவன் தலையில் போடலாம். பஞ்சர்க்காரன் சாட்சிக்கு வருவான். ஆனால் நடுரோட்டில் நிற்கப்போவது என் வண்டி.

"மாப்ள, நடுவுல நாலு புடைப்புல பசையத் துடைச்சுட்டேன்."

"எதுக்கு?"

என் கண் அட்டைப்பெட்டிப் பக்கம் போனது. அவன் பெட்டியைப் பார்த்தான். அந்த இரண்டாவது டேப்பைப் பார்த்தான்.

"மேல என்ன பூசினீங்க?"

"கிரீஸ்."

ஸ்பேனரை எடுத்து மூடியின் முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினான்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தான். புது ட்யூப் கொண்டுவந்திருந்தான். அதன் பெட்டி பிரிக்காமல் இருந்தது. என்னிடம் நீட்டினான். "நீங்களே பிரிச்சு நீங்களே பூசுங்க." அன்றைக்கு முழுக்க அவன் வாயிலிருந்து ஒரு 'மாமா' வரவில்லை. இருட்டுமுன் எஞ்சின் எழுந்தது. இருபது நிமிஷமும் நான் மிதித்துப் பிடித்திருந்தேன். ஒரு தட்டல் இல்லை.

அவன் டூல் பெட்டி வருஷக்கணக்காக எங்கள் படிக்கட்டுக்கு அடியில்தான் கிடக்கும், திறந்தபடியே. அன்று ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, சைஸ் வாரியாக எண்ணி அடுக்கிப் பூட்டுப் போட்டான்.

"ஏண்டா, இங்கதானே கிடக்கும்?" என்றாள் அக்காக்காரி.

"ஒர்க்‌ஷாப்ல தேவைப்படுது அக்கா."

செவ்வாய்க்கிழமை லோடு ஏற்றினேன். வண்டி இப்போது பூப்போல ஓடுகிறது. வீட்டில்தான் ஒரு சங்கடம். போனில் தம்பியோடு பேசும்போது என் பெண்டாட்டி குரலைத் தணித்தால், நான் டீவி சத்தத்தைக் குறைக்கிறேன்.