பாய்மரத்துக்குள் உறைந்த பால்

1

கடலில் கால் நனைக்கக்கூடப் பயப்படுகிறவன் நான். பாய்மரத்துக்குள் மின்கம்பியை இழுத்து, அசையாமல் கட்டுவது எப்படி என்று எங்கோ படித்துத் தொலைத்தேன். கட்டாவிட்டால் படகு ஆடும்போதெல்லாம் கம்பி உள்சுவரில் அடித்துக்கொண்டே இருக்குமாம். அன்றிலிருந்து ஐயாவு என்கிறவன், இலங்கையில் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி, 1934ஆம் வருஷத்து ஆள், என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுக்கிறான்.

2

ஐயாவு ரப்பர் ஸ்டோரில், அதாவது பாலை உறையவைக்கும் தோட்டத்து ஆலையில், எஞ்சினும் விளக்கும் பார்ப்பவன். தோட்டத்துத் துரை வாங்கிவந்த படகின் பாய்மரம் உள்ளே குழல்; உச்சி விளக்குக்கு அதற்குள்தான் கம்பி போக வேண்டும். அதைக் கிடத்தி, தன் அபாரமான மூளையால் ஐயாவு

(வேண்டாம். முதலில் எழுதியபோது அவனை மேதையாக்கியிருந்தேன். அவன் வெறும் பயந்தவன்.)

நூலில் ஒரு நட்டைக் கட்டி உள்ளே போட்டு, மரத்தைச் சாய்த்தான். மறுமுனையில் வந்த நூலைப் பிடித்துக் கம்பியை இழுத்துவிட்டான். துரை மரத்தை உலுக்கினார். லொடலொடவென்றது.

"சத்தம் வரக் கூடாது. லைட் அணையக் கூடாது. பாத்துக்க நீயும் கடலுக்கு வா," என்றார்.

3

அவன் மனைவி மூக்காயி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள்.

"ஏன் இப்படி முழிக்கிறீங்க? நாலு எடத்துல ஓட்ட போட்டு ரப்பர் பால ஊத்தி, அசிட்ட விடுங்க. ஒறஞ்சு கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கும்."

"தொர ஏசுவாரு புள்ள."

"சத்தம் வந்தாத்தானே ஏசுவாரு!"

ஊற்றினார்கள்.* சத்தம் நின்றது. துரை ஐயாவுவின் முதுகில் தட்டினார்.

*செம்புச் சாமானைப் பாலருகே கொண்டுபோகக் கூடாதென்பது ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். பால் கெட்டுவிடும். அசிட் செம்புக் கம்பியை அரிக்கும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே எல்லோருக்கும் கவலை ரப்பரைப் பற்றித்தான்.

4

கடலில் விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் ஒரு கப்பல்

(முடிக்க மனமில்லை.)

விளக்கு எரிகிறது, ஐயாவு திரும்பி வருகிறான் என்றும் எழுதிப் பார்த்தேன். பொய். அசிட்டை ஊற்றவைத்தவனே நான்தானே. மூன்றாம் பகுதியைக் கிழித்துப் போட்டால்? கட்டாத கம்பி அடித்து அடித்துத் தேய்ந்து அறும். அதே இருட்டு. அவனைக் காப்பாற்ற எனக்கு வழியே தெரியவில்லை.

5

செய்தியோடு கங்காணி, தோட்டத்து ஆட்களை மேய்ப்பவர், வருகிறார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் திருப்பத்தில் அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். வாசலில் நின்ற மூக்காயி அவரைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க கங்காணி, அவரு வந்துட்டாரா?"

விளக்கு அணைந்ததைச் சொன்னால், "நாந்தானே ஊத்தச் சொன்னேன்" என்பாள். பிறகு ஆயுள் முழுக்க அதையே சொல்வாள். கடல் கொண்டுபோய்விட்டது என்று மட்டும் சொன்னால், அவளுக்கு அழுகையாவது மிஞ்சும்.

எதைச் சொல்வதென்று கங்காணி என்னைப் பார்க்கிறார். நான் பேனாவை மூடிவிட்டேன். இனி நீங்கள்தான் சொல்லியனுப்ப வேண்டும். சீக்கிரம், அவள் சிரித்துக்கொண்டே எதிரே வருகிறாள்.