ஆமென் கேட்காமல் நகராத குதிரை

பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு எதில் போனால் வெரசாகப் போய்ச் சேரலாம் என்று ஒரு குடும்பமே சண்டை போட்டுக்கொண்டது, செல்லங்களே. அதுவும் கல்யாணத்துக்கு முந்தின நாள்.

மாப்பிள்ளை சிலுவைராஜின் அப்பா அடைக்கலம், வத்தலக்குண்டு சுற்றிப் போகும் பஸ்தான் என்றார். அத்தை கித்தேரியம்மாள், அடுக்கம் வழியே நடைதான் என்றாள். சிலுவைராஜுக்கோ பெண் வீட்டார் பார்க்கக் குதிரையில் போய் இறங்க ஆசை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. விடியுமுன்னே ஆளுக்கொரு வழியில் கிளம்பிவிட்டார்கள். தாலியை மட்டும் அத்தை யாரையும் நம்பாமல் தன் இடுப்பில் முடிந்துகொண்டாள்.

கொடைக்கானல் கோயிலில் மணப்பெண் லீமா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். உச்சிப்பொழுதுக்குள் தாலி ஏறியாக வேண்டும். அதற்குமேல் சாமியார் அடுக்கத்துத் திருவிழாவுக்கு இறங்கிவிடுவார். அது முடிந்தால் தவக்காலம். ஈஸ்டர் வரை கல்யாணமே கிடையாது.

முதலில் வந்தது அத்தைதான். காப்பி குடித்து, காலை நீட்டி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தாள். பஸ் வரவில்லை, மலையேற ஏற இன்ஜின் கொதித்து, ஓடைக்கு ஓடை நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குதிரையையும் காணோம். சாமியார் பையைத் தூக்கிவிட்டார்.

லீமா எழுந்தாள். "நாங்களும் கூட வர்றோம் சாமி. வழியில எங்கயாச்சும் கெடப்பாக."

கிடந்தான். செண்பகனூர் தாண்டி ஒரு கற்சிலுவை முன்னால் குதிரை நட்டுவைத்ததுபோல் நின்றது. செத்துப்போன உபதேசியாருடைய குதிரை அது. அவர் ஒவ்வொரு சிலுவையடியிலும் இறங்கி, மன்றாட்டுமாலை முழுக்கச் சொல்லி ஆமென் போட்ட பிறகே ஏறுவார். சிலுவைராஜ் வெறும் ஆமென் மட்டும் சொல்லிப் பார்த்திருக்கிறான். குதிரை அவனைத் திரும்பிப் பார்த்ததோடு சரி. சிலுவைக்குச் சிலுவை முழுசாய்ச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

"ஏலே, உசுரோட இருக்கியா?" என்றாள் அத்தை.

"இதான் கடைசிச் சிலுவை அத்தை. சத்தம் வரமாட்டேங்குது."

"சம்மதம்னு சொல்ல மட்டுமாச்சும் சத்தம் மிச்சமிருக்குங்களா?" என்று கேட்டாள் லீமா.

அவன் தலையாட்டினான். அது செல்லாது, வாயால் சொல்லணும் என்றார் சாமியார். காற்றுப்போல ஒரு சம்மதம் வந்தது. சாமியார் பொழுதைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பையைத் திறந்தார். அங்கேயே அவர் தாலியை மந்திரித்துக் கொடுக்க, அங்கேயே சிலுவைராஜ் கட்டினான். சாமியார் செபத்தை முழுக்கச் சொல்லி ஆமென் என்றதும், யாரும் ஏறுமுன்னே குதிரை கிளம்பிப் போய்விட்டது.

அப்போதுதான் அடைக்கலம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலுக்கு வந்தார். உள்ளே ஒருத்தருமில்லை. வெறும் சேணத்தோடு குதிரை வந்து வாசலில் நின்றது.

அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "பாத்துக்க, மொதல்ல வந்தது நான்தான்."