நாலு விநாடித் தடுமாற்றம்

ஞானாபரணம் வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் போய்த்தான் முடியும். காபியில் சர்க்கரை குறைந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்ப நேரமானாலும் சரி, கடைசியில் அவர் அதைத்தான் எடுத்துப் போடுவார்.

“எழுபத்தொம்பதுலயே லேட்டா அடிச்சவதானே நீ!”

அதற்குமேல் அவர் மனைவி கிருபாவதி வாய் திறக்கமாட்டார். என்ன சொல்வது? ஆதாரம் இசைத்தட்டில் இருந்தது.

கோவை சுங்கம் பகுதியில் இருந்த அந்த வீட்டுக் கதவைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேக்னா தட்டினாள். பையில் ஒரு லேப்டாப்பும் ஒரு கடிதமும்.

மேக்னா ஹிப் ஹாப் பாட்டுகளுக்கு இசை அமைப்பவள். பீளமேட்டில் அப்பாவின் பம்ப் பட்டறைக்கு மேல்மாடியில் அவளுடைய ஸ்டுடியோ. கீழே லேத் இயந்திரம் ஓடாத நேரமாகப் பார்த்துத்தான் பாட்டுப் பதிவு செய்வாள். உக்கடத்தில் பழைய சாமான் கடைகளைக் கிளறியபோது அவளுக்கு ஒரு சின்ன இசைத்தட்டு கிடைத்திருந்தது. கோவையில் ஒரு சபையின் வாலிபர் குழு 1979-இல் வெளியிட்டது. ஒரு பக்கம் அடக்கமான பக்திப் பாட்டு. மறுபக்கத்தில் பாட்டே கிடையாது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒன்றையொன்று வம்புக்கு இழுக்கும் அசல் ஃபங்க் இசை. அதில் நாலு விநாடியை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்பச் சுழலவிட்டாள் மேக்னா. அதன்மேல் அவள் தோழி இல்மா ராப் பாடினாள். அந்த நாலு விநாடியின் கடைசியில் தாளம் லேசாகத் தடுக்கும், புதுச் செருப்பு போட்டவன் படியிறங்குகிற மாதிரி. கேட்கிறவர் தலை தானாக ஆடுவது அந்த இடத்தில்தான்.

பாட்டு வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும். பழைய தட்டில் வாசித்தவர்கள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வெளியிடுவோம் என்று இசை நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டது. ஏழு மாத உழைப்பு இரண்டு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. இசைத்தட்டு உறையின் பின்பக்கம் இருந்த பெயர்களை வைத்துக்கொண்டு சபை சபையாக விசாரித்து வந்திருந்தாள்.

“பேஸ் கிட்டார் அங்கிள்னா, டிரம்ஸ் நீங்களாங்க ஆன்ட்டி?”

“ஏன் கண்ணு, நம்ப முடியலையா? இப்பத்தான் குக்கர் மூடியத் தட்டிட்டிருக்கேன்” என்றார் கிருபாவதி.

மேக்னா பாட்டை ஓடவிட்டாள். ஞானாபரணத்தின் கால் தானாகத் தாளம் போட்டது. கிருபாவதியும் சிரித்தபடிதான் கேட்டார், தடுக்கல் வரும்வரை. அது மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது.

“ஏங்கண்ணு, இந்த எடத்தையா எடுத்தே? தட்டு பூரா ஒழுங்கா அடிச்சிருக்கேன். அதெல்லாம் உட்டுப்போட்டு... பாட்டுல இது எத்தன தடவ வருது?”

“அறுபத்தி நாலு தடவைங்க.”

ஞானாபரணம் சோபாவில் சாய்ந்து குலுங்கினார். “அறுபத்தி நாலு தடவ லேட்டு! கடுதாசியக் கொண்டா அம்மணி. பேனா நான் வெச்சிருக்கேன்.” பேத்தி கல்யாணப் பதிவேட்டில் போடுவதுபோல் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

கிருபாவதி பேனாவைத் தொடவில்லை.

“நான் போடமாட்டேன் கண்ணு. இவரு ஒருத்தரு சொல்றது பத்தாதா? ஊரே கேட்டுத் தலையாட்டோணுமா?”

“ஆன்ட்டி, அந்தத் தடுக்கல்தாங்க பாட்டுக்கே அழகு.”

“அழகு பாட்டுக்கு. தப்பு எம்பேர்லயில்ல இருக்குது? வேணும்னா இப்ப வந்து சரியா அடிச்சுத் தாரேன்.”

“சரியா அடிச்சா பாட்டு படுத்துருமுங்க.”

மேக்னாவுக்கு வேறு வழி தெரியவில்லை. எவ்வளவு நன்றாக அடித்திருக்கிறார் என்பதை அவருக்கே கேட்கக் கொடுத்தால் மனம் இளகலாம். ஒலியைத் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருள் அவளிடம் இருந்தது. கிட்டாரைக் கழித்துவிட்டு டிரம்ஸை மட்டும் ஓடவிட்டாள்.

தடுக்கலைக் காணவில்லை.

மேக்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னொருமுறை போட்டாள். அப்பாவின் பட்டறையில் லேத் ஓடுவதுபோல் ஒரே சீர். இரண்டு ஒலிகளையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்தாள். கிருபாவதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“செவப்புக் கோடு யாரு கண்ணு?”

“நீங்கதாங்க. எல்லாமே அதது எடத்துல விழுந்திருக்கு.”

“நீலம்?”

“அங்கிளுங்க.”

“கடைசி நீலம் எதுக்கு முன்னாடி போயி நிக்குது?”

ஞானாபரணம் எழுந்தார். “மோட்டர் போட்டு உட்டேன், தொட்டி ரொம்பியிருக்கும்...”

“தொட்டி காத்தாலயே ரொம்பிப்போச்சு. உக்காருங்க.”

உட்காரும்போதே அவர் கை கடிதத்தை நோக்கி நீண்டது. “அதக் கொஞ்சம் குடு அம்மணி. யோசிச்சுப் பாத்தா, ஒரே எடத்த அறுபத்தி நாலு தடவ போடறது அவ்வளவு நல்லாவா இருக்கும்?”

கிருபாவதி முந்திக்கொண்டார். கடிதத்தை மடித்து மேசையிலிருந்த வேதாகமத்துக்குள் வைத்து, அதன்மேல் கையை ஊன்றினார்.

“ஏனுங்க, உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“வேதத்து மேல சத்தியம் கேக்கப்படாது கிருபா.”

“சத்தியம் யாரு கேட்டா? நெசத்தச் சொல்லுங்க, போதும்.”

அவர் மேக்னாவைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். வேறு பார்க்க எதுவும் இல்லை.

“தெரியும். கடைசி அடிக்கு முன்னால உன் நெத்தில முடி உழுந்துச்சு. ரெண்டு கையிலயும் குச்சி. அதனால வாயாலயே ஊதி உட்டே. நான் அதப் பாத்துப்போட்டேன். கை அது பாட்டுக்கு முந்திருச்சு.”

“அதுக்கு எம்பேரச் சொல்லுவீங்களா?”

“ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உங்கப்பா நின்னுட்டு, யாரு தப்புன்னு கேட்டாரு. நான்னு சொன்னா, ஏன்னு கேப்பாருல்ல?”

“செரி. ரெண்டு வருசத்துல அவரே உங்களுக்குக் கட்டிக் குடுத்துட்டாரு. அப்பவாவது சொல்லலாமில்ல?”

“சொல்லத்தான் இருந்தேன்.” ஞானாபரணத்தின் குரல் இறங்கியது. “ஆனா அது ஒண்ணுலதான் உன்ன ஜெயிக்க முடிஞ்சுது. மத்த எதுலயும் முடியல.”

மேக்னா லேப்டாப்பில் இல்லாத தூசியைத் துடைத்தாள். கிருபாவதியின் நரைத்த முடி இறுக வாரிக் கொண்டையாகக் கிடந்தது. நெற்றியில் ஒரு இழைகூட விழுந்திருக்கவில்லை. இருந்தாலும் அவர் உதட்டைக் குவித்து ஒருமுறை மேல்நோக்கி ஊதிக்கொண்டார். பிறகு கடிதத்தை வெளியே எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“அறுபத்தி நாலு பத்துமா கண்ணு? இன்னும் கொஞ்சம் சேக்க முடியாதா?”

“ஆன்ட்டி, பாட்டு முடிஞ்சுபோச்சுங்க.”

“அப்ப அந்த நாலு விநாடிய என்ற போன்ல ரிங்டோனா வெச்சுக் குடு.”

“கிருபா!” என்றார் ஞானாபரணம்.

வெள்ளிக்கிழமை காலை பாட்டு வெளியானது. முதல் வேலையாக மேக்னா கிருபாவதியின் எண்ணை அழைத்தாள். ஒரு ரிங் முழுதாகப் போகவில்லை, அதற்குள் எடுத்தாகிவிட்டது. மூச்சு வாங்க “ஹலோ” என்றது ஞானாபரணத்தின் குரல்.

அவருக்குப் பின்னால், சமையலறையிலிருந்து கிருபாவதி சத்தமாகச் சொல்வது கேட்டது.

“பாத்தியா கண்ணு? மூணு நாளா இதே கூத்துதான். ரிங்டோன்ல அந்தக் கடைசி அடி வர்றதுக்குள்ள ஓடிவந்து எடுத்துப்போடறாரு. இப்பவும் முந்தறாரு!”