தோமித்திலாவின் வெயில்

நகராட்சிச் சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்து, ஏரிப் பூங்காவின் மூன்றாவது பெஞ்சில் மட்டும் பதினோரு வருடம் பொழுது சாயவில்லை. மற்ற பெஞ்சுகளில் ஆறு மணிக்கு ஒழுங்காக இருட்டியது. மூட்டையோடு அங்கே குடியிருந்த தோமித்திலா ஊபேதாவின் அந்தப் பெஞ்சில் மட்டும் மாலை நாலரை மணி வெயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. சூரியன் மறைந்தபின் பொது இடத்தில், பெஞ்சிலோ புல்லிலோ நடைபாதையிலோ, யாரும் படுக்கக் கூடாது, படுத்தால் மூட்டை பறிமுதல் என்பது சட்டம். மறையாத சூரியனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

தோமித்திலாவுக்குப் படுக்க வேறு இடம் இல்லாமலில்லை. மாதாகோயில் விடுதியில் கட்டிலும், காலையில் சோறும் சிவப்பு பீன்ஸும் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பெஞ்சு கிடந்தது அவளுடைய பழைய அடுப்படியில். கரையை அழகுபடுத்துகிறோம் என்று நகராட்சி வீட்டை இடித்துப் புல் நட்டபோது, மகள் அராசெலி எல்லை தாண்டி கோஸ்தா ரிக்காவில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் தெருவுக்குப் பெயரோ வீட்டுக்கு எண்ணோ கிடையாது. ‘சினிமாக் கொட்டகையிலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு தெரு’ என்பதுதான் மகள் அறிந்த ஒரே விலாசம். கொட்டகை நிலநடுக்கத்தில் விழுந்து முப்பது வருடம் ஆகியும் விலாசத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஆய்வாளர் எவெனோர் தினமும் ஆறு மணிக்கு நோட்டீசும் கையுமாக வந்து, இருட்டில் நின்று வெயிலை முறைத்தார்.

“ஏம்மா, உனக்கு எப்பத்தான் இருட்டும்? எனக்கும் வீடு வாசல் இருக்கில்ல!”

“மக வரட்டும் ஐயா. அங்க நின்னா கொசு புடுங்கும், இப்படி வெளிச்சத்துல வந்து உக்காருங்க.”

உட்காருவதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதால் உட்கார்ந்தார்.

விளக்குச் செலவில்லாத வெளிச்சத்தை எந்த வியாபாரி விடுவான்? சீஸ்காரிகளும் துணிக்காரர்களும் அங்கே கடை போட்டார்கள். மருந்துக்கடை, பல் டாக்டர் எல்லோருடைய விலாசமும் ‘தோமித்திலாவின் வெயிலிலிருந்து மேலே ஒரு தெரு’ என்று மாறியது. சூரியனுக்குப் பதில் கடிகாரத்தை வைத்துச் சட்டத்தைத் திருத்த நகராட்சி கூடியது; அழைப்புக் கடிதத்தில் அச்சாகியிருந்த தங்கள் அலுவலக விலாசத்தைப் படித்துப் பார்த்த பிறகு ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

தோமித்திலாதான் கத்தினாள். “என் பேரச் சொல்லாதீங்கடி, கொட்டகையச் சொல்லுங்க! எம் மகளுக்குக் கொட்டகைதான் தெரியும்.”

“போங்கக்கா, இல்லாத கொட்டகைய எவ தேடுவா? உங்க பேர்ல இத்தன கடை ஓடுது, அதுக்கு சந்தோஷப்படுவீங்களா, கத்துவீங்களா!” என்றாள் ஒரு சீஸ்காரி.

சில வருடங்களில் கொட்டகை என்றால் டாக்சிக்காரர்களே விழித்தார்கள். தன் இடத்தைக் காத்த வெயில், அதற்கு வரும் வழியை அழித்துவிட்டது என்று தோமித்திலாவுக்குப் புரிந்தது. அதன்பின், கடந்துபோகிறவர்களில் மகள் முகம் தப்பிவிடக் கூடாதென்று, அவள் தூங்குவதையே நிறுத்தினாள்.

அதைப் பொறுக்காமல் எவெனோர் நோட்டீசுப் புத்தகத்தை அலுவலகத்தில் வைத்துவிட்டு, பஸ் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார். எல்லைப் பக்கமிருந்து வந்து இறங்கும் ஒவ்வொரு பெண்ணிடமும், “கொட்டகை தேடுறியாம்மா?” என்று கேட்டார். இரண்டு பேர் பையால் அடித்தார்கள். பதினோராம் வருடம், டிக்கெட் வரிசையில் நின்ற, காதோரம் நரைத்த ஒருத்தி அந்தக் கேள்வி காதில் விழுந்து பெட்டியைக் கீழே வைத்தாள்.

“ஆமாய்யா. மூணு நாளா சுத்துறேன், ஒரு டிரைவருக்கும் தெரியல. நாளைக்குத் திரும்பிரலாம்னு டிக்கெட் எடுக்க வந்தேன்.”

அவர்கள் பூங்காவை அடைந்தபோது ஊரில் மணி ஆறரை. தோமித்திலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மூட்டையை மடியில் எடுத்துக்கொண்டு பெஞ்சில் இடம் விட்டாள். வெயில் மெதுவாகச் சிவந்து, சீஸ் தட்டுகளிலிருந்து இறங்கி, புல்லில் நகர்ந்தது.

“ஏண்டி இம்புட்டு நேரம்? பாரு, இருட்டப்போகுது.”